புளி போட்டுத் தேய்ச்ச யானை

ரெண்டு மாசமா ஒண்ணும் எழுதலை. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, மிச்ச நேரத்துல சோம்பேறித்தனம் ஜாஸ்தி. இன்னைக்கு உக்கார வச்சது எங்க அக்கா பையன். அவனை இங்க 'மாப்ள'ன்னே வச்சுக்குவோம். பேரைப் போட்டா காலேஜ்ல மானம் போயிரும்கறான்.

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை. கரூர்ல அக்கா வீட்ல இட்லித் தட்டுக்கு முன்னாடி உக்காந்திருக்கேன். மாப்ள ஒரு நீளமான அட்டைப்பெட்டியைக் கொண்டு வந்து நடுவீட்ல வச்சான். உள்ள மெட்டல் டிடெக்டர். ஆன்லைன்ல ஆறாயிரத்துச் சொச்சமாம். நுனியில சாப்பாட்டுத் தட்டு சைசுல ஒரு வளையம், கைப்பிடி கிட்ட சின்னதா ஒரு திரை, காதுல மாட்டிக்க ஒரு ஹெட்போன்.

"மாமா, அமராவதி ஆத்துக்குப் போலாங்களா?"

"எதுக்குடா?"

"காசு எடுக்கத்தானுங்க. ராஜா காசெல்லாம் அங்க கிடைக்கும்னு நீங்கதான சொன்னீங்க. எடுத்துட்டு வந்து சூப்பரா க்ளீன் பண்ணிரலாம். எலுமிச்சம்பழம், சோடா உப்பு, டூத் பேஸ்ட். வீடியோவுல பாத்தேன், புதுசாட்டம் ஆயிருது."

அதுக்கப்புறம் எனக்கு இட்லி இறங்கலை. காரணத்தைச் சொல்லணும்னா கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும். பொறுத்துக்குங்க.

1984. நான் ஆறாம் வகுப்பு. அப்பல்லாம் ஆத்துல வெள்ளம் வந்து வத்தினதும் மணல் அரிக்கிறவங்க வருவாங்க. மரத்தட்டுல மணலை அள்ளி, தண்ணியில ஆட்டி ஆட்டி, கடைசியில அடியில தங்கற கறுப்பு மணலைக் கண்ணு கொட்டாம பாப்பாங்க. தங்கப்பொடி ஏதாவது மின்னுதான்னு. அதுல சில நாள் காசும் மாட்டும். தங்கப்பொடி நகைக்கடைக்குப் போகும், காசு பாத்திரக்கடைக்கோ, காசு வாங்க வர்ற வியாபாரிக்கோ போகும். அதுல ஒரு பெரியவர் எங்கூட ரொம்ப சிநேகம். வீட்ல இருந்து முறுக்கு எடுத்துட்டுப் போயிக் குடுப்பேன். ஒரு நாள் முறுக்குக்குப் பதிலா என் கையில ஒரு காசு வச்சார். சதுரமா, சுண்டுவிரல் நகத்தை விடக் கொஞ்சம் பெருசு. பச்சையும் கறுப்புமா, மண்ணு அப்பிப்போய் இருந்துச்சு. "பத்திரமா வச்சுக்க கண்ணு"ன்னார்.

வீட்டுக்கு வந்தேன். அன்னைக்கு வெள்ளிக்கிழமை. அம்மா புறக்கடையில குத்துவிளக்கையும் செப்புக்குடத்தையும் புளி போட்டுத் தேய்ச்சுட்டு இருந்தாங்க. குடம் அப்படியே தகதகன்னு வருது. எனக்கும் ஆசை. அந்தப் புளிச்சக்கையில கொஞ்சம் உப்பைச் சேத்துக் காசைத் தேய்ச்சேன். பச்சை கரைஞ்சு ஓடுச்சு. அடியில செவப்பு வந்துச்சு. அதையும் விடலை. செங்கல் பொடி, சாம்பல், கடைசியில தேங்கா நாரு. அரை மணி நேரத்துல கையில இருந்தது ரோஸ் கலர்ல பளபளக்கற ஒரு செப்புத் தகடு. மொழுமொழுன்னு. ரெண்டு பக்கமும் ஒண்ணுமே இல்லை.

மறுநாள் பெருமையாக் கொண்டு போயிக் காட்டினேன். அவர் வாங்கி, வெளிச்சத்துல சாய்ச்சுச் சாய்ச்சுப் பாத்தார். திட்டலை. "இதுல ஒரு யானை இருந்துது கண்ணு"ன்னு மட்டும் சொல்லிட்டு, திரும்ப மணலை ஆட்ட ஆரம்பிச்சுட்டார்.

அந்த யானை யாரோட யானைன்னு எனக்குத் தெரியவே இருபது வருசம் ஆச்சு. ஒரு பக்கம் யானை, மறுபக்கம் வில்லும் அம்பும். சங்ககாலச் சேரர்களோட செப்புக் காசுகள் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். கரூரைத்தான் சேரர் தலைநகர் வஞ்சின்னு ஆய்வாளர்கள் பலர் சொல்றாங்க. இந்த அமராவதி மணல்ல சேரர் காசு வந்திருக்கு, ரோமானியக் காசு வந்திருக்கு. மாக்கோதை, கொல்லிப்புறை, குட்டுவன் கோதைன்னு தமிழ் பிராமி எழுத்துல பேர் போட்ட காசுகளையெல்லாம் வச்சுத்தான், பாட்டுல மட்டும் கேட்டுட்டு இருந்த அரசர்கள் நிஜமாவே இருந்தாங்கன்னு காட்ட முடிஞ்சுது. பாண்டியர் பக்கம், தினமலர் ஆசிரியரா இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி படிச்சுச் சொன்ன 'பெருவழுதி' காசும் அப்படித்தான். அந்த எழுத்துகள்லாம் எவ்வளவு பெருசுங்கறீங்க? அரிசிமணி நீளம் கூட வராது. என்னை மாதிரி ஒரு ஆறாங்கிளாஸ் பையன் கையில புளியோட மாட்டியிருந்தா கதை முடிஞ்சுது.

என் காசு மாக்கோதையா இருந்திருக்கும்னு நான் சொல்ல வரலை. சாதாரண யானைக்காசாத்தான் இருந்திருக்கும். ஆனா இனிமே யாராலயும் எதையும் சொல்ல முடியாது. எனக்கு வலிக்கறது அதுதான்.

சரி, ஏன் இப்படி ஆகுது? பலபேர் நினைக்கறது, காசு உள்ள பத்திரமா இருக்கு, மேல அழுக்கு ஒட்டியிருக்கு, அழுக்கை எடுத்தா காசு வந்துரும்னு. குடத்துக்கு வேணா அது சரி. மண்ணுக்குள்ள ஆயிரம், ரெண்டாயிரம் வருசம் கிடந்த செப்புக் காசுக்கு அது சுத்தமாத் தப்பு. செம்பு கொஞ்சம் கொஞ்சமா களிம்பா மாறுது. முதல்ல செவப்பா ஒரு அடுக்கு, அதுக்கு மேல பச்சையா ஒரு அடுக்கு. மாறின இடத்துலயே அது அப்படியே இறுகி நிக்குது. அதாவது யானையோட தும்பிக்கை இருந்த இடத்துல இப்ப இருக்கறது செம்பு இல்லை, தும்பிக்கை வடிவத்துல நிக்கற களிம்பு. புளியில இருக்கற அமிலம், எலுமிச்சம்பழத்துல இருக்கற அமிலம், ரெண்டுக்கும் செம்பை விடக் களிம்பு மேலதான் ஆசை அதிகம். யானையைத் தின்னுட்டுத் தகட்டை நம்ம கையில குடுத்துட்டுப் போயிருது. காசோட முகமே அந்தக் களிம்புலதான் இருக்கு. இதை யாராவது எனக்கு 1984-ல சொல்லியிருக்கலாம்.

டூத் பேஸ்ட் இன்னும் மோசம். அதுல இருக்கறது நுணுக்கின தேய்ப்புப்பொடி. ஒவ்வொரு தேய்ப்புக்கும் மெல்லிசாக் கீறல் விழும். கடையில விக்கற பித்தளை பாலீஷ், கோலா பானம், வினிகர், அடுப்பு சோடா, பேட்டரி ஒயரை மாட்டிக் குமிழி விட வைக்கறது, எல்லாமே அந்த வகைதான். சேகரிக்கறவங்க பளபளன்னு தேய்ச்ச காசைப் பாத்தா உதட்டைப் பிதுக்கறது சும்மா இல்லை. விலையும் பாதிக்கு மேல இறங்கிரும், நல்ல வேளை. விலை இறங்குதேங்கற பயத்துலயாவது சிலர் தேய்க்காம இருக்காங்க.

அப்ப என்னதான் பண்ணலாம்? நான் பண்றதைச் சொல்றேன். நான் நிபுணன் கிடையாது, கெடுத்துக் கத்துக்கிட்டவன். முதல்ல ஒண்ணும் பண்ணாம இருக்கறது. நூத்துக்கு எழுவது காசுக்கு அதுவே போதும். மண்ணு ரொம்ப அப்பியிருந்தா பேட்டரிக்கு ஊத்தற தண்ணியில ஊறப்போடுவேன். குழாய்த் தண்ணி ஆகாது, அதுல குளோரின் இருக்கும், உப்பும் இருக்கும். நாலு நாளைக்கு ஒருக்கா தண்ணியை மாத்தணும். ஒரு மாசம் ஆகலாம், மூணு மாசமும் ஆகலாம். மண்ணு இளகினதும் மூங்கில் குச்சியைச் சீவி, பூதக்கண்ணாடியில பாத்துக்கிட்டே, மண்ணை மட்டும் தள்ளி விடணும். குச்சி செம்பை விட மெத்து, அதனால கீறாது. குண்டூசி எடுத்தீங்கன்னா அடுத்த ஜென்மத்துல துருவாப் பொறப்பீங்க :-) அப்புறம் நல்லாக் காய வைக்கணும். விரலால விளிம்பை மட்டும் பிடிக்கணும், வேர்வையில உப்பு இருக்கு.

தங்கக் காசுக்குக் கவலையே இல்லை, தண்ணியே போதும், தங்கம் எதையும் சட்டை பண்ணாது. வெள்ளி கறுத்திருந்தா விட்டுருங்க, அந்தக் கறுப்பு அதுக்கு அழகு. ஈயக் காசு இருந்தா வினிகர் வாசமே ஆகாது, மரப்பெட்டியில வச்சாக் கூட மரத்துல இருந்து வர்ற ஆவி அதை வெள்ளைப் பொடியா ஆக்கிரும். செம்புல, வெண்கலத்துல, வெளிர்பச்சையா மாவு மாதிரி புள்ளிகள் வந்து, தட்டி விட்டா மறுபடி மறுபடி வந்துச்சுன்னா, அது வெண்கல நோய். உள்ள போன உப்பும் காத்துல இருக்கற ஈரமும் சேந்து காசை உள்ளிருந்து அரிக்குது. அந்தக் காசைத் தனியா எடுத்து, புது செருப்பு டப்பாவுல வருமே சிலிக்கா ஜெல் பொட்டலம், அதோட ஒரு மூடின டப்பாவுல போட்டுட்டு, தெரிஞ்சவங்க கிட்டக் காட்டணும். இன்னொண்ணு, மலிவான பிளாஸ்டிக் ஆல்பம். பி.வி.சி. உறையில வச்ச செப்புக் காசு நாலஞ்சு வருசத்துல பச்சைப் பசையா ஆகி நிக்கும். என்கிட்ட ஒரு ஆல்பமே போச்சு. கேட்டா அது வேற அழுகாச்சிக் கதை.

ஆனா பாருங்க, புளியை விடப் பெரிய தப்பு ஒண்ணு நான் பண்ணேன். அதுக்கு அமிலமே தேவைப்படலை.

வேலைக்குப் போன பிறகு கையில காசு பொரள ஆரம்பிச்சதும், கரூர், மதுரை, திருநெல்வேலின்னு போற இடத்துலயெல்லாம் பழைய காசு வாங்கினேன். தேய்க்கலை, அந்தப் பாடம் படிச்சாச்சு. எல்லாத்தையும் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில்ல போட்டு வச்சேன். நாப்பது, அம்பது சேந்துச்சு. ஒரு நாள் காசு படிக்கத் தெரிஞ்ச ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார்கிட்டக் கொண்டு போயி கொட்டினேன். அவர் ஒவ்வொண்ணா எடுத்து லென்ஸ் வச்சுப் பாத்தார். ஒரு சின்ன வட்டக் காசு கிட்ட வந்ததும் நிமிந்து உக்காந்தார். "இது எங்க கிடைச்சுது?"

யோசிச்சேன். வைகையா? தாமிரபரணியா? நம்ம அமராவதியா? தெரியலை. அவர் லென்சைக் கீழ வச்சுட்டார். "எங்கன்னு தெரிஞ்சா இது ஒரு கட்டுரை. தெரியாட்டி இது அழகான ஒரு காசு, அவ்வளவுதான்"னார். அந்த மனுசன் முகத்துல அன்னைக்குப் பாத்த அதே பார்வையை நான் ஏற்கெனவே ஆத்து மணல்ல ஒருத்தர்கிட்டப் பாத்திருக்கேன்.

தனிக்காசுக்கே இப்படின்னா, கூட்டமாக் கிடைக்கறதுக்குக் கேக்கவே வேண்டாம். 1898-ல புதுக்கோட்டை சமஸ்தானத்துல கருக்காக்குறிச்சிங்கற ஊர்கிட்ட 501 ரோமானியத் தங்கக் காசு ஒண்ணாக் கிடைச்சுது. பெரும்பாலான காசுகள்ல பேரரசன் தலை மேல உளியால ஒரு வெட்டு. ஏன் வெட்டினாங்கன்னு ஆளுக்கு ஒரு விளக்கம் சொல்றாங்க. ஆனா அந்தக் கேள்வியையே கேக்க முடிஞ்சது, எல்லாம் ஒரே இடத்துல, கலையாம, எண்ணி எழுதப்பட்டதுனாலதான். நாலு காசு நாலு ஊரு நகைக்கடைக்குப் போயிருந்தா, 'ஏதோ அடிபட்ட காசு'ன்னு உருக்கியிருப்பாங்க.

இப்ப மாப்ள விசயத்துக்கு வருவோம். அவன் பாத்த வீடியோவெல்லாம் இங்கிலாந்துல எடுத்தது. அங்க இது ஞாயித்துக்கிழமை பொழுதுபோக்கு, நம்மூர்ல சிலர் ஏரியில தூண்டில் போடற மாதிரி. மண்ணுல கொஞ்சம் காசு, ரப்பர் பூட்ஸ், தெர்மாஸ்ல டீ. பாத்தா எனக்கும் ஆசையாத்தான் இருக்கு. ஆனா வீடியோவுல காட்டாத ரெண்டு கதையை மாப்ளைக்குச் சொன்னேன்.

ஒண்ணு, 2010-ல சாமர்செட் மாவட்டத்துல ஃப்ரோம் ஊர்கிட்ட டேவ் கிறிஸ்ப்ங்கற ஒருத்தருக்கு மெஷின் கத்துச்சு. தோண்டினா ஒரு பானை வாய், உள்ள காசு. அந்த நேரத்துல நீங்களும் நானும் என்ன பண்ணியிருப்போம்? அவர் தோண்டறதை நிறுத்தினார். மூடிட்டு, ஆளுங்களுக்குத் தகவல் சொன்னார். தொல்லியல்காரங்க வந்து பானையை அடுக்கு அடுக்கா எடுத்தாங்க. மொத்தம் 52,503 ரோமானியக் காசு. அடுக்கடுக்கா எடுத்ததுல ஒரு விசயம் தெரிஞ்சுது. இருக்கறதுலயே கடைசியா வந்த அரசன் கரௌசியஸ், அவன் ஆண்டது 286-ல இருந்து 293 வரைக்கும். அவன் காசுல பெரும்பகுதி பானையோட பாதிக்கும் கீழ இருந்துச்சு. உண்டியல் மாதிரி வருசா வருசம் போட்டிருந்தா புதுக்காசு மேலதான இருக்கணும்? ஆக, அது சேமிப்பு உண்டியல் இல்லை, ஒரே தடவையில கொட்டிப் புதைச்சது. ஒரு ஆள் கையை எடுத்ததுனால தெரிஞ்ச விசயம் இது. காசைப் பூரா வாளியில அள்ளிக் கழுவியிருந்தா 52,503 பளபளக் காசு இருந்திருக்கும், இந்த ஒரு வரி இருந்திருக்காது.

இதே மாதிரி 1992-ல சஃபோக் பக்கம் ஹாக்ஸ்னி ஊர்ல, விவசாயி ஒருத்தர் தொலைச்ச சுத்தியலைத் தேடித்தரப் போன சிநேகிதருக்குப் பதினாலாயிரத்துச் சொச்சம் ரோமானிய வெள்ளிக் காசும், தங்கக் காசுகளும் கிடைச்சுது. அவரும் பாதியில நிறுத்திச் சொல்லிட்டார். சுத்தியலும் கிடைச்சுது. அதுவும் இப்ப பிரிட்டிஷ் மியூசியத்துலதான் இருக்கு. (தங்கமணிக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிச்சுது. "நீங்க தொலைச்ச ஸ்க்ரூ டிரைவரையும் இப்படித் தேடினா ஏதாச்சும் கிடைக்குமா?"ங்கறா.)

ரெண்டாவது கதை தலைகீழ். 2015-ல ஹெரஃபர்ட்ஷயர்ல ரெண்டு பேர் ஒரு வைக்கிங் காலப் புதையலைக் கண்டாங்க. யாருக்கும் சொல்லலை. பங்கு போட்டு, விக்கப் பாத்தாங்க. முந்நூறு காசு போல இருந்திருக்கும்னு நம்பறாங்க, மீண்டது அதுல சின்னப் பங்கு. மீண்ட அந்தக் கொஞ்சத்துலயே, ஆல்ஃபிரட், சியோல்வுல்ஃப்னு பக்கத்துப் பக்கத்து ராஜ்ஜிய ராஜாக்கள் ரெண்டு பேரும் ஒரே மாதிரி காசு அடிச்சது தெரிய வந்து, அவங்க கூட்டாளியா இருந்திருக்காங்கன்னு சரித்திரத்தைத் திருத்தி எழுதறாங்க. ஆளுங்க 2019-ல ஜெயிலுக்குப் போனாங்க. போன காசு போனதுதான்.

மாப்ள கேட்டான், "அவுங்க ஊர்ல சொன்னாப் பணம் குடுக்கறாங்க மாமா. நம்மூர்ல சொன்னாப் போலீசுதான வரும்?"

இந்தக் கேள்விக்கு நேர்மையாப் பதில் சொல்லணும். நம்ம கிட்ட இருக்கறது 1878-ல வெள்ளைக்காரன் போட்ட புதையல் சட்டம். அதுபடி மண்ணுல மறைஞ்சு கிடந்த, பத்து ரூபாய்க்கு மேல மதிப்புள்ள எதைக் கண்டெடுத்தாலும் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்கணும், எங்க, எப்ப கிடைச்சுதுன்னு. பத்து ரூபாய்! இன்னைக்கு ஒரு டீயே அதுக்குக் கிடைக்காத கடை நிறைய. மறைச்சா ஒரு வருசம் வரைக்கும் ஜெயில். ஆனா அதே சட்டத்துல யாரும் வெளிய சொல்லாத ஒரு பகுதி இருக்கு. சொந்தக்காரர் யாரும் வரலைன்னா, எடுத்தவனுக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரனுக்குக் கால் பங்கு. அரசாங்கமே வச்சுக்கணும்னா உலோக மதிப்பும் அதுக்கு மேல அஞ்சுல ஒரு பங்கும் சேத்துக் குடுத்து எடுத்துக்கலாம். நான் கேட்டுப் பாத்த பத்துப் பேர்ல ஒருத்தருக்குக் கூட இந்த முக்கால் பங்கு தெரியலை. ஜெயில் மட்டும் பத்துப் பேருக்கும் தெரிஞ்சிருக்கு.

இங்கிலாந்துல 1996-ல புதுச் சட்டம் போட்டாங்க. புதையல்னு படறதை 14 நாளுக்குள்ள சொல்லணும், மியூசியம் எடுத்துக்கிட்டா சந்தை விலை, அதை எடுத்தவரும் நிலத்துக்காரரும் வழக்கமாப் பாதிப் பாதியாப் பிரிச்சுக்குவாங்க. உலோக மதிப்பு இல்லை, சந்தை விலை. வித்தியாசம் பெருசு. ஆனா எனக்கு அதைவிடப் பிடிச்சது, 1997-ல அவங்க ஆரம்பிச்ச இன்னொரு ஏற்பாடு. புதையல்னு ஆகாத ஒத்தைக் காசு, பொத்தான், கொக்கி எதுவா இருந்தாலும் மாவட்டத்துல இருக்கற ஒரு அலுவலர்கிட்டக் கொண்டு போயிக் காட்டலாம். அவர் எடை போட்டு, படம் எடுத்து, எந்த வயல்ல கிடைச்சுதுன்னு பதிவு பண்ணிட்டு, காசை உங்க கையிலயே திருப்பித் தந்துருவார். இப்படிப் பத்து லட்சத்துக்கு மேல பதிவு ஆயிருக்கு.

எனக்குத் தோணறது இதுதான்: நமக்கு வேணும்கறது அந்த நோட்டுப் புத்தகம். காசைப் பறிக்காத, ஆளை மிரட்டாத, 'எங்க எடுத்தீங்க?'ன்னு மட்டும் கேக்கற ஒரு மேசை. மாவட்ட அருங்காட்சியகத்துல வாரத்துல ஒரு நாள் வச்சாப் போதும். மணல் அரிச்ச பெரியவருக்கு அப்படி ஒரு மேசை இருந்திருந்தா, ஆறாங்கிளாஸ் பையனை விட நல்ல ஆளு கையில அந்த யானை போயிருக்கும்.

டிடெக்டரையே தடை பண்ணணும்னு சொல்றவங்க இருக்காங்க. பழைய ஊர்மேடு, கோட்டை, ஆத்தங்கரைன்னு ராத்திரியில டார்ச் அடிச்சுக்கிட்டுத் தோண்டறவனைப் பிடிச்சு உள்ள போடுங்க, நானே சாட்சி சொல்றேன். ஆனா மெஷினை மட்டும் வில்லனாக்கறது எனக்கு ஒப்பலை. ஆத்து மணலை லாரி லாரியா அள்ளினப்ப எத்தனை காசு போச்சோ, எந்த வீட்டுக் கான்கிரீட்ல எந்தச் சேரன் உறைஞ்சு கிடக்கானோ. அதைக் கேக்காம பொடிப்பையன் கையில இருக்கற மெஷினைப் பிடுங்கறது சுலபம்.

கடைசியில மாப்ளகூட ஒரு ஒப்பந்தம். ஆறு கிடையாது. மேடு கிடையாது. நம்ம மச்சான் தோட்டம் மட்டும், அதுவும் அவர்கிட்டக் கேட்டுட்டு, ஏர் ஓடற ஆழத்துக்குக் கீழ போகாம. பானை, ஓடு, செங்கல் எது தட்டுப்பட்டாலும் அங்கயே நிறுத்தி மூடிட்டு தாசில்தாருக்குச் சொல்லணும். பையன் மூஞ்சி தொங்கிப்போச்சு, ஆனா வந்தான்.

அந்த மெஷின் வேலை செய்யற விதம் எனக்குப் பிடிச்சுது. வளையத்துல இருந்து மாறிக்கிட்டே இருக்கற ஒரு காந்தப்புலம் மண்ணுக்குள்ள போகுது. கீழ உலோகம் இருந்தா அதுக்குள்ள சுழல் மின்னோட்டம் உண்டாகி, அது பதிலுக்கு ஒரு சின்னக் காந்தப்புலத்தை அனுப்புது. மெஷின் அதைக் கேட்டுக் கத்துது. இரும்புக்கு ஒரு எண், செம்புக்கும் வெள்ளிக்கும் இன்னொரு எண். ஆனா செம்மண்ணுல இருக்கற இரும்புச்சத்துக்கே அது கத்தும். சிகரெட் அட்டைத் தாளுக்கும் கத்தும். மூணு மணி நேர அறுவடை: டிராக்டர் போல்ட்டு ரெண்டு, மூணு மாட்டு லாடம், சோடா மூடி ஏழு, ஒரு இருபது பைசா அலுமினியக் காசு. மச்சான் வரப்புல உக்காந்து, "ஆறாயிரம் போட்டு லாடம் தேடறீங்களா? கேட்டிருந்தா நானே ஒரு சாக்கு குடுத்திருப்பனே"ன்னார்.

வெயில் ஏறி, கிளம்பலாம்னு திரும்பறப்ப ஒரு சத்தம். தெளிவா. ஒரு சாண் ஆழத்துல, வட்டமா, பச்சைக் கட்டியா ஒண்ணு. மாப்ள அதை எடுத்து, த்தூன்னு துப்பி, பேண்ட்ல தேய்க்கக் கையைக் கொண்டு போறான். நான் போட்ட சத்தத்துல தென்னை மரத்துல இருந்த காக்கா பறந்துச்சு. அவன் பயந்து காசைக் கீழ போட்டுட்டான், அப்புறம் அதை மறுபடி மெஷின் வச்சுத் தேட வேண்டியதாப் போச்சு. அவ்வ்வ்.

ரெண்டு வாரமா அது எங்க வீட்ல பேட்டரித் தண்ணியில கிடக்கு. மூணு தடவை தண்ணி மாத்தியாச்சு. ஒரு ஓரத்துல 1835 தெரியுது. கிழக்கிந்தியக் கம்பெனி கால் அணா. புதுசுல 6.48 கிராம் இருந்திருக்கணும், இது 5.9 இருக்கு. அபூர்வம் எல்லாம் இல்லை, கோடிக்கணக்குல அடிச்ச காசு. (கம்பெனிக் காசுன்னதும் நினைவு வருது. 1818-ன்னு போட்டு அனுமாரும் ராமரும் இருக்கற காசு, அரிசியை இழுக்கும், கோடி ரூபாய்க்குப் போகும்னு யாராவது வந்தா ஓடிருங்க. கம்பெனி அப்படிக் காசு அடிக்கவே இல்லை. அந்த 'ரைஸ் புல்லிங்' மோசடியில வீட்டை வித்தவங்க இருக்காங்க.) இந்தக் கால் அணா சட்டப்படி 'மறைச்சு வச்ச' புதையலா, இல்லை யாரோ ஒரு அப்பாரு வேட்டி மடிப்புல இருந்து நழுவினதான்னு கேட்டா, நழுவினதுன்னுதான் நான் சொல்வேன். ஆனாலும் பத்து ரூபாய்க்கு மேல போகும்ல? ஒரு கடுதாசி எழுதிப் போட்டுரலாமான்னு இருக்கேன். கலெக்டர் ஆபீஸ்ல யாராவது சிரிச்சாலும் பரவாயில்லை, முக்கால் பங்கு கதை இன்னும் ரெண்டு பேருக்குத் தெரியும்.

மாப்ளைக்கு ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்கிக் குடுத்தேன். முதல் பக்கத்துல அவன் கையெழுத்துல தேதி, கிணத்துல இருந்து தெக்கால எத்தனை அடி, வரப்புல இருந்து எத்தனை அடி, ஆழம் ஒரு சாண், காசு கிடந்த பக்கம் எதுன்னு எழுதியிருக்கான். லாடம் மூணும் பட்டியல்ல இருக்கு, நான் சொல்லாமலே. இப்ப தினமும் சாயங்காலம் போன் பண்றான், "மாமா, மண்ணு இளகிருச்சுங்களா?"

அவன் கிளம்பினதும் பீரோவைத் திறந்து என் பழைய தகட்டை எடுத்தேன். நாப்பது வருசத்துல அதுவும் மறுபடி கறுத்துப்போயிருக்கு. எடை 2.1 கிராம். அமிலம் இல்லாத ஒரு காகித உறையில போட்டு, மேல பென்சில்ல எழுதினேன்: அமராவதி ஆறு, கரூர், 1984. யானை இருந்தது.

டிஸ்கி: கோயில் குத்துவிளக்கைத் தாராளமாப் புளி போட்டுத் தேய்க்கலாம். அம்மா கோவிச்சுக்குவாங்க, அதனால சொல்லி வைக்கறேன்.